லினக்ஸில் ஆன்டெனா வழி எச்டி டிவி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேபிளைச் செருகாமல் ஸ்கேன் ஓட்டுவது போன்றவற்றுக்கு இங்கே இடமில்லை. அவை ஐந்து நிமிடத்தில் தானாகவே தெரிந்துவிடும். புதிதாக இறங்குபவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிகள் வேறு. பெரும்பாலானவை ஒரு மாலை நேரத்தைத் தின்பதோடு சரி. ஒன்று மட்டும் பணத்தையும் தின்னும்.

## அட்டைப்பெட்டியில் "எச்டி" என்று போட்டிருப்பதை நம்புவது

பார்க்க வேண்டியது டோங்கிளுக்குள் (யுஎஸ்பியில் செருகும் டிவி ட்யூனர்) இருக்கும் டிமாடுலேட்டர் சிப், அதாவது அலையைத் தரவாக மாற்றும் சிப். ஐரோப்பாவில் பல நாடுகளில் எச்டி சேனல்கள் டிவிபி-டி2 என்னும் புதிய ஒளிபரப்பு முறையில் வருகின்றன. ஆர்டிஎல்2832யு சிப் மட்டும் உள்ள மலிவு டோங்கிளுக்குத் தெரிந்தது பழைய டிவிபி-டி மட்டுமே. அதில் எஸ்டி (சாதாரணத் தெளிவு) சேனல்கள் அழகாக வரும், எச்டி மக்ஸ் (ஒரே அலைவரிசையில் சேர்ந்து வரும் சேனல்களின் கட்டு) மட்டும் ஸ்கேனில் தலைகாட்டாது. எஸ்ஐ2168 போன்ற சிப் இருந்தால் டி2 கிடைக்கும். வட அமெரிக்காவின் ஏடிஎஸ்சி, ஜப்பானிலும் பிரேசிலிலும் உள்ள ஐஎஸ்டிபி-டி ஆகியவை முற்றிலும் வேறு முறைகள். டிவிபி-டி டோங்கிள் அங்கே எதற்கும் உதவாது.

இன்னொரு வம்பு: அதே பெயர், அதே உறை, உள்ளே வேறு சிப். தயாரிப்பாளர்கள் சொல்லாமல் மாற்றிவிடுவார்கள். எனவே மாடல் பெயரை வைத்துத் தேடாதீர்கள். 'எல்எஸ்யுஎஸ்பி' கமாண்ட் காட்டும் நான்கு இலக்கம், நான்கு இலக்க அடையாள எண்ணை வைத்துத் தேடுங்கள். செருகியதும் 'டிவிபி-எஃப்இ-டூல்' ஓட்டினால் அந்த ட்யூனருக்கு எந்தெந்த முறைகள் தெரியும் என்று பட்டியல் வரும். அதில் டிவிபிடி2 இல்லையென்றால் எந்த மென்பொருளாலும் அதை வரவழைக்க முடியாது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

## ஃபர்ம்வேர் செய்தியைப் படிக்காமல் விடுவது

டிரைவர் ஏறிவிட்டது, '/டெவ்/டிவிபி/அடாப்டர்0' கூட இருக்கிறது, ஆனால் எதுவும் லாக் ஆகவில்லை, அதாவது ட்யூனர் சிக்னலைப் பிடிக்கவில்லை என்றால் 'டிமெசேஜ்' (dmesg) வெளியீட்டைப் பாருங்கள். எந்த ஃபர்ம்வேர் கோப்பு (சிப்புக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள்) கிடைக்கவில்லை என்று கெர்னல் பெயர் சொல்லி எழுதியிருக்கும். எஸ்ஐ2168 சிப்பில் ஏ20, ஏ30, பி40 என்று ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கோப்பு. ஏதோ ஒன்றை இறக்கிப் பெயர் மாற்றி வைப்பது வீண் வேலை. '/லிப்/ஃபர்ம்வேர்' அடைவில் சரியான கோப்பை வைத்தபின் டோங்கிளைப் பிடுங்கிச் செருகுங்கள். ரீபூட் மட்டும் செய்தால் யுஎஸ்பி மின்சாரம் பல கணினிகளில் அறுபடாது, சிப் பழைய நிலையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

## படம் உடைந்தால் பூஸ்டர் வாங்குவது

எரிச்சல் மூட்டுவது இதுதான். நடக்கும் வரிசை மாறுவதே இல்லை. எஸ்டி சேனல்கள் சுத்தமாக வருகின்றன. எச்டி மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறது, ஒலி விக்குகிறது. மென்பொருளில் "சிக்னல் 60%" என்று தெரிகிறது. போதவில்லை என்று தீர்மானித்து 20 டெசிபல் பூஸ்டர் ஒன்று வாங்குகிறார் புதியவர். சதவீதம் 90-க்கு ஏறுகிறது, படம் முன்பைவிட மோசமாகிறது. இன்னும் பெரிய பூஸ்டர் வருகிறது. அதுவும் பலிக்காதபோது பழி லினக்ஸின் தலையில் விழுகிறது: டிரைவர் மூலநிரலை இறக்கி வார இறுதி முழுக்க கம்பைல், பிறகு வேறு டிஸ்ட்ரோ, கடைசியில் புது டோங்கிள். பூஸ்டரைக் கழற்றிவிட்டு கேபிளை நேராகச் செருகிப் பார்க்கச் சொன்னால், "அதைக் கழற்றினால் இருக்கிற சிக்னலும் போய்விடுமே" என்பார். உண்மையில் கழற்றினால்தான் படம் உடையாமல் நிலையாக வரும்.

அந்தச் சதவீதத்தில்தான் கோளாறு. பழைய டிவிபி ஏபிஐயில் (மென்பொருள் ட்யூனரோடு பேசும் இடைமுகம்) சிக்னல் அளவு 16 பிட் எண். 0 முதல் 65535 வரை அதை எப்படி நிரப்புவது என்பது டிரைவர் எழுதியவர் இஷ்டம். ஒரு டோங்கிளின் 60-ஐ இன்னொன்றின் 60-உடன் ஒப்பிடவே முடியாது. தவிர, அந்த எண் காட்டுவது மொத்த ஆற்றலை. இரைச்சலும் அதில் அடக்கம்.

எச்டி மட்டும் உடைவதற்கும் காரணம் உண்டு. உதாரணமாக பிரிட்டனில் எஸ்டி மக்ஸ்கள் 64-குவாம், டி2 எச்டி மக்ஸ் 256-குவாம். குவாம் என்பது அலையில் தரவை ஏற்றும் முறை, முன்னால் உள்ள எண் அது பயன்படுத்தும் புள்ளிகளின் எண்ணிக்கை. 256-இல் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் சிறு சிதைவும் உறைக்கும். டி2-வின் பிழைதிருத்தம் கெட்டிக்காரத்தனமானது, ஆனால் எல்லையைத் தாண்டினால் மெல்ல மெல்லக் கெடாது. ஒன்று முழுதாக வரும், இல்லையேல் ஒரேயடியாகச் சரியும்.

சதவீதத்தை மறந்துவிட்டு 'டிவிபிவி5-ஜாப்' கமாண்டில் அந்த எச்டி சேனலை ட்யூன் செய்யுங்கள். டெர்மினலில் ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும்: லாக் (0எக்ஸ்1எஃப்), சிக்னல் −45 டிபிஎம், சி/என் 27 டெசிபல், யுசிபி 0 என்கிற மாதிரி. லாக் எண் 0எக்ஸ்1எஃப் என்றால் ஐந்து கட்டமும் தேறிவிட்டது. சிக்னலை டிபிஎம்மில் (ஆற்றலின் அளவு) தரும் டிரைவராக இருந்தால் −40-க்கும் −60-க்கும் இடையில் இருப்பது சௌகரியம். சி/என் என்பது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். அது 20-ஐ ஒட்டி இருந்தால் 256-குவாமுக்கு விளிம்பு, 25-க்கு மேல் நிம்மதி. யுசிபி என்பது திருத்த முடியாமல் போன தொகுதிகளின் கூட்டுத்தொகை. அந்த எண் பெரிதா சிறிதா என்பது முக்கியமில்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏறுகிறதா என்பதே கேள்வி. ட்யூன் ஆகும் நொடியில் 200 ஏறி அங்கேயே நின்றுவிட்டால் கவலை வேண்டாம்.

இப்போது முடிவெடுப்பது எளிது. சிக்னலும் சி/என்னும் இரண்டும் குறைவென்றால் ஆன்டெனாவின் உயரம், திசை, கேபிள் ஆகியவற்றில் கை வைக்க வேண்டும். சிக்னல் அதிகம், சி/என் குறைவு என்றால் ஓவர்லோடு (ட்யூனர் தாங்காத அளவு சிக்னல்) அல்லது குறுக்கீடு. அங்கே பூஸ்டர் எரிகிற நெருப்பில் எண்ணெய். சிக்னல் சுமார், சி/என் நன்று என்றால் எதையும் தொடாதீர்கள்.

ஓவர்லோடா என்று உறுதிசெய்ய 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் ஒன்றைக் கேபிளில் செருகுங்கள். சிக்னலைக் குறைத்தபின் சி/என் ஏறினால் தீர்ப்பு வந்துவிட்டது. பூஸ்டர் இல்லாமல் சோதிக்கும்போது மின்சாரத்தை மட்டும் நிறுத்தினால் போதாது. பெரும்பாலான பூஸ்டர்கள் மின்சாரம் இல்லாதபோது சிக்னலை அடைத்துவிடும். இரண்டு கேபிள் முனைகளையும் ஒரு ஜாயின்டரால் நேரடியாக இணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் "கழற்றிப் பார்த்தேன், ஒன்றுமே வரவில்லை" என்பவர்கள்தான் அதிகம்.

பூஸ்டருக்கு நியாயமான வேலை உண்டு. ஆர்ஜி-6 கேபிள் யுஎச்எஃப் மேல்பகுதியில் 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் தின்னும், இருவழி ஸ்ப்ளிட்டர் ஏறத்தாழ 4. இந்த இழப்பை ஈடுகட்டத்தான் பூஸ்டர். அதனால் அது ஆன்டெனா அருகில், இழப்புக்கு முன்னால் இருக்க வேண்டும். கணினிக்குப் பக்கத்தில் வைத்தால் கேபிளில் தேய்ந்துபோன சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், சி/என் ஏறாது. முன்பு டிவிக்கு இருந்த 800, 700 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் பல நாடுகளில் இப்போது மொபைல் கோபுரங்கள் பேசுகின்றன. அகலப்பட்டை பூஸ்டர் அவற்றையும் தூக்கிக்கொடுக்கும். மொபைல் சிக்னலைத் தடுக்கும் எல்டிஇ ஃபில்டர் பூஸ்டருக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் போட்டால் வீண்.

டோங்கிளைக் கணினியின் உடம்போடு ஒட்டிச் செருகுவதும் சி/என்னைக் கெடுக்கும். 1 மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் போட்டு எச்டிஎம்ஐ வயரிடமிருந்தும் யுஎஸ்பி 3 டிஸ்க்கிடமிருந்தும் தள்ளி வையுங்கள்.

## பழைய ஸ்கேன் கருவி

'டிவிபி-ஆப்ஸ்' தொகுப்பின் 'ஸ்கேன்', 'டிஜாப்' இரண்டும் பழைய ஏபிஐயில் நிற்பவை, டி2 என்றால் என்னவென்று அவற்றுக்குத் தெரியாது. 'டிவிபிவி5-ஸ்கேன்' அல்லது 'டபிள்யூ_ஸ்கேன்2' பயன்படுத்துங்கள். டிஸ்ட்ரோவோடு வரும் அதிர்வெண் பட்டியல் பழையதாக இருக்கலாம், ஒளிபரப்பாளர் அலைவரிசை மாற்றியிருந்தால் அந்த மக்ஸ் கிடைக்காது. ஒரே மக்ஸில் பல பிஎல்பி (தனித்தனித் தரவு ஓடைகள்) அனுப்பும் நாடுகளில் ஸ்ட்ரீம் எண்ணையும் கொடுக்க வேண்டும்.

## ரூட்டாக ஓட்டுவது

வேண்டாம். பயனரை 'வீடியோ' குழுவில் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப நுழையுங்கள்.

## எஸ்டிஆர் பிளாக்லிஸ்ட்

ஆர்டிஎல் டோங்கிளில் எஸ்டிஆர் (மென்பொருள் வழி ரேடியோ) கேட்க எப்போதோ எழுதி வைத்த பிளாக்லிஸ்ட் வரி டிவி டிரைவரை ஏறவிடாது. நீக்குங்கள்.

## ஒரு ட்யூனருக்கு இரண்டு எஜமானர்கள்

டிவிஹெட்எண்ட் (டிவி சர்வர் மென்பொருள்) சும்மா இருப்பதுபோல் தெரிந்தாலும் பின்னணியில் நிகழ்ச்சி நிரலைத் திரட்டிக்கொண்டிருக்கும். அப்போது டெர்மினலில் ஸ்கேன் ஓட்டினால் "டிவைஸ் பிஸி". முதலில் சர்வீஸை நிறுத்துங்கள். ஒரு ட்யூனர் ஒரு நேரத்தில் ஒரே அலைவரிசையில்தான் நிற்கும். அந்த மக்ஸில் உள்ள பல சேனல்களை மட்டும் ஒன்றாகப் பதிவு செய்யலாம்.

## டிகோடர் செய்த குற்றத்துக்கு ஆன்டெனாவைத் திட்டுவது

இரண்டு நிமிடம் பதிவு செய்து, அதே கோப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உடைந்தால் குறை வரவேற்பில். இடம் மாறி மாறித் திக்கினால் டிகோடிங்கில். ஜெர்மனியின் டி2 ஒளிபரப்பு எச்இவிசி என்னும் வீடியோ சுருக்க முறையில் வருகிறது. பழைய கணினியின் சிபியு தனியாக அதைச் சுமந்தால் மூச்சு வாங்கும். ஜிபியு கை கொடுக்குமா என்பதை 'விஏஇன்ஃபோ' சொல்லும். 1080ஐ ஒளிபரப்பில் ஓடும் எழுத்துகளின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிந்தால் டிஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் வரிகளை முழுப் படமாக்கும் வசதி) அணைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

## பதிவாகும்போதே என்கோட் செய்வது

செய்யாதீர்கள். டிஎஸ் கோப்பாக அப்படியே எழுதட்டும். நொடிக்கு 8 மெகாபிட் சேனல் மணிக்கு 3.6 ஜிபி, ஏடிஎஸ்சியின் முழு 19.39 மெகாபிட்டும் எடுத்தால் 8.7 ஜிபி.