டென்னிஸ் எல்போ: முழங்கையைத் தேற்றி மறுபடி ஏற்காடு ஏற

சேலத்தில் டென்னிஸ் ஆடுபவர்களைவிட டென்னிஸ் எல்போ என்கிற முழங்கை வலி வந்தவர்கள் அதிகம் இருப்பார்கள் போல. கொலுசுப் பட்டறையில் குறடு பிடிப்பவர், ஷட்டில் ஆடுபவர், ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு சைக்கிள் மிதிப்பவர் என யாருக்கும் வரலாம். மலை ஏறும்போது கால்தான் கெஞ்சும். முழங்கைக்கு வேலை இறங்கும்போதுதான்: 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி வர வேண்டும்.

படி 1: அதுதானா என்று பாருங்கள்

கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்குங்கள். முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் சுருக்கென்று வலித்தால் பெரும்பாலும் இதுதான். மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் நாண் அங்கேதான் எலும்போடு சேர்கிறது. விரல் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ, விழுந்தபின் கை நீட்ட வராவிட்டாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

படி 2: வேலையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்

கையைக் கட்டி வைத்தால் வலி அடங்கும். நாண் இன்னும் பலவீனமாகும். பையோ பாத்திரமோ, உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்குங்கள், முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து.

படி 3: அசையாமல் அழுத்துங்கள்

முன்கையை மேசைமேல் வையுங்கள். உள்ளங்கை கீழ்நோக்கி, விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். மணிக்கட்டை மேலே தூக்கப் பாருங்கள். மறுகையால் அதைத் தடுங்கள். 30 முதல் 45 விநாடி, ஐந்து முறை, தினமும்.

படி 4: தண்ணீர் பாட்டில்

முக்கியமான படி இதுதான். டம்பெல்ஸ் வாங்க ஓட வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றினால் அரை கிலோ. அதே நிலையில் பாட்டிலைப் பிடித்து, மறுகையின் உதவியோடு மணிக்கட்டை மேலே கொண்டுவாருங்கள். இறக்குவது மட்டும் வலிக்கிற கை தனியாக, மெதுவாக, நான்கு விநாடி எடுத்து. 15 முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், பயப்படாதீர்கள். பத்துக்கு மூன்று, நான்கு வரை பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி பழைய அளவுக்கு வந்திருந்தால் சரியாகப் போகிறீர்கள். கூடியிருந்தால் தண்ணீரைக் குறையுங்கள். பழகியதும் கூட்டுங்கள். நாண் தசையைப்போலச் சீக்கிரம் தேறாது. மூன்று மாதம் சாதாரணம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அவசரப்பட்டு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் சுகமாக இருக்கும். ஆனால் போடாதவர்களைவிட, போட்டவர்களுக்கு வலி திரும்புவது அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் பிசியோவிடம் போகத்தான் சொல்வேன்.

படி 5: மலைக்குத் திரும்புதல்

முதலில் ஊருக்குள் சமதரையில் ஓட்டுங்கள். அப்புறம் நான்கைந்து வளைவு ஏறித் திரும்புங்கள். பிரேக் லீவர் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கடையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். இறங்கும்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நேரான இடத்தில் பிடியைத் தளர்த்துங்கள். ஆரம்பத்தில் மேலேவரை மிதித்துவிட்டு, சைக்கிளை நண்பரின் காரில் போட்டு இறங்கினாலும் தப்பில்லை, ஏறியது ஏறியதுதான்.