"வேலிடேட் ஆன கேள்வித்தாள்" என்ற வரியை நம்பி இறங்காதீர்கள்

புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வுத் திட்டங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "வேலிடேட் செய்யப்பட்ட கேள்வித்தாள் பயன்படுத்தப்படும்." அளக்க வேண்டியதைச் சரியாக அளக்கிறது என்று சோதித்துப் பார்த்த தாள் என்று அர்த்தம். அந்தச் சோதனை யாரிடம், எந்த முறையில், எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழ் நோயாளிகளிடம் அதே தாளைக் கொண்டுபோகும்போதுதான் சிக்கல் தெரியும்.

புராஸ்டேட் புற்றுநோயாளியின் அன்றாடச் சிரமங்களை அவரிடமே கேட்டு அளக்கும் எபிக்-26 என்ற தாளையே எடுத்துக்கொள்வோம். 2000-இல் அமெரிக்காவில் வெளியான 50 கேள்விகள் கொண்ட எபிக்கின் சுருக்கம் இது. சிறுநீர்க் கசிவு, சிறுநீர் எரிச்சலும் அடைப்பும், மலக்குடல், பாலுறவு, ஹார்மோன் என ஐந்து பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண், கூடினால் நல்லது. கசிவுப் பிரிவில், கடந்த நான்கு வாரங்களில் ஒரு நாளைக்கு எத்தனை பேட் அல்லது டயப்பர் பயன்படுத்தினீர்கள் என்று ஒரு கேள்வி. வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் பேடே வாங்கியிருக்க மாட்டார். பழைய வேட்டியைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொள்வார், நனைந்தால் மாற்றுவார். "அதெல்லாம் ஒண்ணும் வெக்கிறதில்லீங்க" என்பார். சொன்னது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வியில் அவருக்கு முழு மதிப்பெண் விழுந்துவிடும்.

ஹார்மோன் பிரிவிலும் இதே கதை. ஹார்மோன் ஊசி போட்டவர்களுக்குத் திடீரென உடம்பு கொதித்து வேர்ப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். பாலக்காட்டு ஏப்ரலில் வேர்க்காதவர் யார்?

மொழிபெயர்த்து, வேறொருவரை வைத்து ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அதன்பிறகு சில நோயாளிகளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லும்போது மனதில் என்ன ஓடியது என்று கேட்க வேண்டும். துணி விவகாரம் அங்கேதான் வெளிவரும். வந்ததும் கேள்வியை நீங்களாகத் திருத்திவிடக் கூடாது. உருவாக்கியவர்களுக்கு எழுதி, "மடித்த துணியும் கணக்கில் சேரும்" என்ற குறிப்புக்கு ஒப்புதல் வாங்குங்கள்.

அடுத்தது, தாளை வாசிப்பது யார்? இந்தப் பக்கம் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் நிறைய. பேச்சு சரளம், தமிழ் எழுத்து தடுமாறும். அதனால் நர்ஸோ கூட வந்த மகனோ வாசிப்பார். மகன் வாயால் விறைப்புத்தன்மை பற்றிக் கேட்டால் எந்த அப்பா நிஜம் சொல்வார்? தானே நிரப்பும் முறைக்குக் கிடைத்த சான்று, வாசித்துக் கேட்கும் முறைக்குத் தானாக வந்துவிடாது. வாசிப்பதென்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி, தனி அறையில், சொந்தக்காரர் அல்லாத ஒருவர் வாசிக்கட்டும். அந்த முறையையே சோதியுங்கள்.

காலி விட்ட பதில்களையும் ஒரே கூடையில் போடாதீர்கள். க்யூஎல்க்யூ-பிஆர்25 என்ற இன்னொரு புராஸ்டேட் புற்றுநோய்க் கேள்வித்தாளில் சில கேள்விகள் பாலுறவில் ஈடுபடுபவர்களுக்கு மட்டும். மனைவியை இழந்தவர் அதைத் தாண்டிப்போனால் அது முறையான காலி. கூச்சத்தில் விட்டது வேறு.

ஒரே தாளை இரண்டு முறை கொடுத்து ஒப்பிடும் சோதனையில் இந்தப் பகுதிக்கே உரிய வழுக்கல் ஒன்று உண்டு. ஹார்மோன் ஊசிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் பலர் வருகிறார்கள். அடுத்த வருகையில் இரண்டாம் தாளைக் கொடுத்தால், அதற்குள் உடம்பே மாறியிருக்கும். பொதுவாக இரண்டு வார இடைவெளி போதும். முதல் தடவை எந்த முறையோ இரண்டாவதும் அதே முறையாக இருக்கட்டும். நேரில் கேட்டுவிட்டு அப்புறம் போனில் கேட்காதீர்கள். "போன தடவையிலிருந்து ஏதாவது மாறியிருக்கிறதா?" என்று கேட்டு, மாறாதவர்களை மட்டும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

கணக்கில் வழக்கமான சறுக்கல், இரண்டு மதிப்பெண்களும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும் பார்க்கும் சாதாரண ஒட்டுறவுக் கெழுவை (கோரிலேஷன்) போடுவது. இரண்டாம் முறை எல்லோருக்கும் பத்து மதிப்பெண் குறைந்திருந்தாலும் அது 1 என்றே காட்டும். ஐசிசி என்ற கெழுவில், மதிப்பெண்கள் அப்படியே ஒத்துப்போகின்றனவா என்று அளக்கும் வகைதான் வேண்டும். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபாவை 26 கேள்விகளுக்கும் சேர்த்து ஒன்றாகப் போடுவது இன்னொன்று. எபிக்குக்கு மொத்த மதிப்பெண்ணே கிடையாது, பிரிவுவாரியாகத்தான் பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொந்தரவை அளக்கும் ஐபிஎஸ்எஸ் தாளோடு ஒப்பிடும்போது திசையைக் கவனியுங்கள்: அதில் 0 முதல் 35, கூடினால் மோசம். எதிர்மறை உறவு வந்தால் பதற வேண்டாம், அதுதான் வர வேண்டும்.

இவ்வளவும் தேறினாலும், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஏற்படும் மாற்றத்தை அந்தத் தாள் பிடிக்கும் என்று இன்னும் நிறுவப்படவில்லை. எபிக்-26-இல் நோயாளி உணரக்கூடிய குறைந்தபட்ச மாற்றம் பாலுறவுப் பிரிவில் 10–12, மலக்குடலில் 4–6 என்று 2015-இல் அமெரிக்காவில் கணித்தார்கள். அந்த எண்களை அப்படியே இங்கே கடன் வாங்கிவிடுகிறோம். "முன்னைக்கு இப்போ எப்படி இருக்குங்க, தேவலையா, அதேதானா, மோசமா?" என்ற ஒரு கேள்வியைப் பின்தொடர் வருகையில் சேர்த்தால், இந்தப் பக்கத்து நோயாளிகளுக்கான எண்ணை அவர்களிடமிருந்தே கணக்கிட்டுவிடலாம்.