எரிமலைக்கு ஒரு கணக்கு, மழைக்கு ஒரு கணக்கு என்று போடாதீர்கள்

1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை உச்சமாக வெடித்தது. அதே நாளில் யுன்யா புயலும் அந்த மலை இருக்கும் லூசோன் தீவைக் கடந்துகொண்டிருந்தது. எரிமலை வேறு, புயல் வேறு என்று நினைப்பதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் போன்றதல்ல. நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகளும் சேர்ந்தது. வழக்கமாகக் கூரையில் விழும் மழை வழிந்து ஓடிவிடும். அன்று கூரையில் படிந்த சாம்பல் அதைக் குடித்துக்கொண்டு ஈர சிமென்ட் போலக் கனத்தது. வெடிப்பின்போது இறந்தவர்களில் பெரும்பாலோர் கூரை இடிந்துதான் செத்தார்கள். மலையை விட்டுத் தள்ளி, வீட்டுக்குள் இருந்தவர்கள் அவர்கள். இதை எப்போது படித்தாலும் மனம் கனக்கிறது.

சரி, வெடிப்பு அடங்கிவிட்டால் ஆபத்தும் முடிந்ததா? இல்லை. மலைச் சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் 5 கன கிலோமீட்டருக்கும் மேல் தளர்ந்த மணலும் சாம்பலும் குவிந்து கிடந்தன. அதற்கு முன் ஆறுகள் தாங்கிய சாதாரண மழையே இப்போது அதைக் கரைத்துச் சேற்று வெள்ளமாக இறக்கப் போதுமானதாக இருந்தது. அங்கே அதை லஹார் என்கிறார்கள். இவ்வளவு மழை பெய்தால்தான் ஆபத்து என்ற பழைய அளவை நம்பியிருப்பது, என் பார்வையில், எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. மழை மாறவில்லை, அது விழும் நிலம் மாறிவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1995 அக்டோபர் 1 அன்று, புயல் மழையில் வந்த லஹார் பக்கோலோர் ஊரின் கபலாந்தியான் பகுதியைப் புதைத்தது. அந்த ஊரின் சான் கில்லெர்மோ தேவாலயம் பாதி உயரம் வரை மண்ணுக்குள் இருக்கிறது.

அப்புறம், முன்னால் நடந்ததெல்லாம் காரணம் என்று முடிவுகட்டுவதும் தவறு. 1990 ஜூலை 16 அன்று லூசோனில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதுதான் மலையை எழுப்பியது என்று எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் அது நிரூபிக்கப்படவில்லை.

எரிமலை வெடித்த வாய்ப் பள்ளத்தில் மழைநீர் தேங்கி ஏரியானது. கரை உடைந்தால் கீழே உள்ள போட்டோலான் ஊருக்கு ஆபத்து. அதனால் 2001-ல் மக்களை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டு, நீர் வடியக் கரையில் வாய்க்கால் வெட்டினார்கள்.