நெட்பிஎஸ்டி ஸ்கிரிப்டை ஃப்ரீபிஎஸ்டிக்கு மாற்றும்போது

நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி இரண்டும் யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள். கணினி தொடங்கும்போது சேவைகளை எழுப்பும் ஆர்சி.டி அமைப்பு நெட்பிஎஸ்டியிலிருந்துதான் ஃப்ரீபிஎஸ்டிக்கு வந்தது. அதனால் ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டின் பெரும்பாலான வரிகளைத் தொடவே வேண்டாம்.

தகராறு செய்வது, சேவையை இயக்கலாமா என்று முடிவு செய்யும் மாறியின் பெயரைச் சொல்லும் 'ஆர்சிவார்' (rcvar) வரிதான். நெட்பிஎஸ்டியில் அங்கே சேவையின் பெயர் மட்டும் இருக்கும். ஃப்ரீபிஎஸ்டி வழக்கப்படி பெயருக்குப் பின்னால் '_எனேபிள்' (_enable) சேருங்கள். இதை மறந்துவிட்டு ஆர்சி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் மட்டும் '_எனேபிள்' போட்டு 'யெஸ்' கொடுத்தால், மாறி சரியாக அமைக்கப்படவில்லை என்ற எச்சரிக்கைதான் வரும், சேவை எழாது. எனக்கு ஒரு மாலையே இதில் போனது.

அப்புறம், கூடுதல் மென்பொருள்கள் நிறுவப்படும் பாதை: '/யூஎஸ்ஆர்/பிகேஜி' (/usr/pkg) என்பதை '/யூஎஸ்ஆர்/லோக்கல்' (/usr/local) ஆக்குங்கள். கோப்புக்கு இயக்க அனுமதியும் வேண்டும். முன்னதாக எழ வேண்டிய சேவைகளைச் சொல்லும் 'ரெக்வயர்' (REQUIRE) வரியில் கேட்டிருக்கும் பெயர் ஃப்ரீபிஎஸ்டியில் இல்லையென்றால், ஸ்கிரிப்டுகளை வரிசைப்படுத்தும் 'ஆர்சிஆர்டர்' (rcorder) கட்டளையை ஓட்டினால் சொல்லிவிடும். மறுதொடக்கத்துக்கு முன்பே ஓட்டிப் பாருங்கள்.