மழைக்காலத்தில் அரிச்சந்திரகட் ஏறுவது எப்படி?

மகாராஷ்டிரத்தின் கள்சுபாய்–அரிச்சந்திரகட் வனவிலங்கு சரணாலயத்தில் 1,424 மீட்டர் உயரத்தில் நிற்கிறது இந்த மலை. முதல்முறை போகிறவர்கள் பாச்னை வழியைத் தேர்ந்தெடுங்கள். ராஜூரிலிருந்து பாச்னை ஊர்வரை வண்டி போகும். அங்கிருந்து காட்டுக்குள் இரண்டு, இரண்டரை மணி நேர ஏற்றம். கீரேஷ்வர் வழிக்கு நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். தோலார் கணவாய்க்கு மேலே பாறையில் கம்பி பிடித்து ஏற வேண்டும். அதைத் தாண்டினால் ஒன்றுபோலவே தெரியும் மேடுகள். மூடுபனியில் பலர் வழி தவறுவது இங்கேதான். நளிச்சி வாட் என்ற மூன்றாவது வழி, கயிறு போட்டு ஏறத் தெரிந்தவர்களுக்கு மட்டும். மேலே இரவு தங்க அனுமதி உண்டா என்பதை ஊரிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி பாறை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து உறைந்த பசால்ட் இது. கெட்டியான அடுக்குகள் செங்குத்துச் சுவராக நிற்கும். இளகிய அடுக்குகள் அரிபட்டுச் சரிவாகும். பாதை பெரும்பாலும் சரிவையே பிடித்துப் போவதால், மழையில் மேலிருந்து வழியும் தண்ணீர் முழுக்கப் பாதையில்தான் இறங்கும். வழவழப்பான கல்லில் மெல்லிய பாசி படரும். கல்லே கறுப்பு என்பதால் பாசி கண்ணுக்குத் தெரியாது! பாரம் வைக்குமுன் காலணி நுனியால் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் பக்கத்தில் துளைத்துளையாக இருக்கும் சொரசொரப்பான கல்லுக்கு மாறுங்கள். இறங்கும்போது குதிகாலை ஊன்றாமல், பாதம் முழுவதும் பதிய, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். அடிப்பாகம் தேய்ந்த காலணி வேண்டவே வேண்டாம். உருண்டைக் கற்கள் மண்ணிலிருந்து கழன்று வரும், ஆட்டிப் பார்த்துவிட்டே பிடியுங்கள். கார்வி புதரைப் பிடித்துத் தொங்காதீர்கள். அதன் தண்டு உங்கள் எடையைத் தாங்காது. (நம் குறிஞ்சிக்கு நெருங்கிய உறவான செடி, ஏழாண்டுக்கு ஒருமுறை பூப்பது. ஒடித்தால் மனசு கேட்காது.)

பலத்த மழை தொடங்கினால் ஓடைகள் சில நிமிடங்களிலேயே பெருகும். முழங்காலுக்கு மேல் ஓடினால் கடக்காதீர்கள், வடியும்வரை காத்திருங்கள்.

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் வேண்டும். மேலே பாறையில் வெட்டிய தொட்டிகளில் எடுத்தால் கொதிக்க வையுங்கள், அல்லது குளோரின் மாத்திரை போடுங்கள். மேலே உள்ள கோயிலின் குளத்தில் சோப்பு போட்டுக் குளிக்காதீர்கள்.

மலைமேல் கொங்கண் கடா என்ற செங்குத்துப் பாறையின் விளிம்பு வெளியே துருத்தி நிற்கும். கீழே உட்குழிந்த சுவர். நின்றுகொண்டு எட்டிப் பார்க்கக் கூடாது. பையைக் கழற்றி வைத்துவிட்டு, காற்று அடங்கியிருக்கும்போது குப்புறப் படுத்து ஊர்ந்துபோய்ப் பாருங்கள். மூடுபனி இருந்தால் அருகிலேயே போகாதீர்கள். மதியம் 2 மணிக்காவது இறங்கத் தொடங்குங்கள்: காட்டுக்குள் வெளிச்சம் சீக்கிரம் மங்கும், பாசிக்கல்லை டார்ச் வெளிச்சத்தில் பிரித்தறிய முடியாது.