விதையிலிருந்து பூங்கொடி: சேலத்து மாடிக்கும் ஏற்காட்டு வேலிக்கும்

புதிதாகக் கொடி வளர்க்க வருபவர்கள் பலர் இணையத்தில் படத்தைப் பார்த்துத்தான் விதை வாங்குகிறார்கள், அதிலும் நீலக் காகிதப்பூ, பல நிறத்தில் மல்லி என்று விற்கிற பாக்கெட்டுகளை. விட்டுவிடுங்கள். மல்லி, முல்லை, காகிதப்பூ, ரங்கூன் மல்லி எல்லாம் நம் ஊரில் குச்சி வைத்தோ பதியம் போட்டோ வளர்ப்பவை. விதை போட்டால் தயங்காமல் வருகிற கொடிகள் வேறு, அவற்றில் சில நம் தெரு வேலிகளிலேயே காய்த்துத் தொங்குகின்றன, காசே வேண்டாம்.

எந்தக் கொடி என்பதை நீங்கள் இருக்கும் உயரம் முடிவு செய்யும். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு சுமார் 1500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுதான், ஆனால் கீழே சிரிக்கிற விதை மேலே குளிரில் அப்படியே கிடக்கும், மேலே செழிக்கிறது கீழே கருகும். சேலத்துக்காரர்களுக்கு சங்குப்பூ, சிவப்பு நட்சத்திரமாகப் பூக்கிற மயில்மாணிக்கம், மார்னிங் குளோரி, அப்புறம் ஊதாப்பூ அவரை. ஏற்காட்டுக்காரர்களுக்கு நடுவில் கறுப்புக் கண் வைத்த தன்பெர்ஜியா, வாசனைப் பூ பூக்கிற ஸ்வீட் பீ, பேஷன் கொடி. சேலம் அஸ்தம்பட்டி மொட்டை மாடியில் ஏப்ரலில் ஸ்வீட் பீ விதைப்பது பணத்தை வெயிலில் காயப்போடுகிற மாதிரி.

முதல் கொடி: சங்குப்பூ

என்னைக் கேட்டால் இதில்தான் தொடங்க வேண்டும், யோசிக்கவே வேண்டாம். பயறு இனம் என்பதால் வேர் முடிச்சில் இருக்கும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன, நம் செம்மண்ணில் பெரிய உரம் எதுவும் இல்லாமலே ஓடும். காய் பழுப்பாகி, ஆட்டினால் சலசலவென்று சத்தம் வர வேண்டும், அப்போதுதான் பறிக்க வேண்டும். பச்சைக் காயில் இருக்கிற விதை உதவாது. அடுக்குப் பூ வேண்டுமென்றால் அடுக்குப் பூ பூக்கிற கொடியிலிருந்தே விதை எடுங்கள்.

விதையை உரசுங்கள்

"சங்குப்பூ விதை போட்டேன், முளைக்கவே இல்லை" என்கிறவர்களை விசாரித்தால், அநேகமாக விதையை எடுத்த எடுப்பில் மண்ணில் போட்டிருப்பார்கள். அந்த விதையின் மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது. வெளியில் தானாக வளர்கிற கொடிக்கு அது நல்ல ஏற்பாடு, ஏனென்றால் முதல் மழைக்கே எல்லா விதையும் முளைத்து, அடுத்த வார வெயிலில் மொத்தமும் செத்துப்போகாமல் சில விதைகள் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். தொட்டி வைத்துக்கொண்டு தினமும் எட்டிப் பார்க்கிற நமக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

ஹார்டுவேர் கடையில் ஒரு உப்புத்தாள் வாங்குங்கள். விதையில் காயோடு ஒட்டியிருந்த தழும்பு ஒரு பக்கம் தெரியும், அது விதையின் கண், அந்தப் பக்கம் தொடாதீர்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிறம் மாறி உள்பருப்பு லேசாகத் தெரியும்வரை தேய்த்தால் போதும், பருப்பையே தேய்த்துவிடக் கூடாது. நகவெட்டியால் ஓரத்தில் துளி கிள்ளினாலும் சரி. பிறகு கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் ஓர் இரவு ஊறட்டும். காலையில் பார்த்தால் சில விதை உப்பிப் பெரிதாகியிருக்கும், சில கல் மாதிரியே இருக்கும். உப்பியதை உடனே விதையுங்கள், கல்லாக இருப்பதை மறுபடி தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஊறவிட்டால் அழுகிவிடும். மிதக்கிற விதை எல்லாம் பொக்கு என்று சொல்வார்கள், இந்த மாதிரி கெட்டித்தோல் விதைக்கு அந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

மார்னிங் குளோரி, மயில்மாணிக்கம் இரண்டுக்கும் இதே வேலைதான், ஆனால் மயில்மாணிக்க விதை சின்னது, ஊறவைத்தாலே பெரும்பாலும் போதும். தன்பெர்ஜியாவுக்குத் தேய்க்க வேண்டாம்.

விதைப்பது

செம்மண் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. பாத்திரத்துக்குச் செலவு செய்யாதீர்கள், டீக்கடைக் காகிதக் கப்பின் அடியில் இரண்டு ஓட்டை போட்டால் ஆயிற்று. சங்குப்பூவின் ஆணிவேர் சீக்கிரமே கீழே இறங்கிவிடும், பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும், அதனால் ஒன்று நேராகப் பெரிய தொட்டியிலேயே போடுங்கள், இல்லையென்றால் கப்பைக் கிழித்து மண்ணோடு அப்படியே இறக்குங்கள். ஆழம் ஒரு சென்டிமீட்டர், மயில்மாணிக்கத்துக்கு அதில் பாதி. ஒரு கப்புக்கு இரண்டு விதை, இரண்டும் முளைத்தால் இளைத்ததைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள், பிடுங்கினால் பக்கத்து வேரும் ஆடும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். முளைத்த நாற்று தரையோடு ஒட்டிய இடத்தில் நூலாக மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல், தண்ணீர் குறைவால் வந்ததென்று நினைத்து இன்னும் ஊற்றாதீர்கள், ஊற்றியதால் வந்ததுதான் அது. விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தெளியுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் நாற்றுக்கு மட்டுமாவது மேட்டூர் குடிநீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ கொடுங்கள்.

நல்ல சூட்டில் சங்குப்பூ ஒன்றிரண்டு வாரத்தில் எழும், மயில்மாணிக்கம் அதைவிட வேகம். ஒரு எச்சரிக்கை: மயில்மாணிக்கத்தின் உண்மையான இலை இறகு மாதிரி மெல்லியது, ஆனால் முளைத்ததும் வருகிற முதல் இரண்டு இலைகள் நீளமாக, கவட்டை போலப் பிளந்து, வேறு ஏதோ களை மாதிரி இருக்கும். களை என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

கயிறு முதலிலேயே

கொடி நீண்டபிறகு பந்தல் போடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சங்குப்பூ, மார்னிங் குளோரி, மயில்மாணிக்கம், தன்பெர்ஜியா எல்லாமே தண்டையே சுற்றி ஏறுகிறவை, பற்றுக்கம்பி கிடையாது, வெறும் சுவரில் ஏறாது, தடித்த தூணையும் சுற்றத் தெரியாது. மெல்லிய தேங்காய்நார்க் கயிறு வேண்டும். இரும்புக் கம்பி மேமாத வெயிலில் கொதிக்கும், இளந்தண்டு அதில் பட்டுத் துவளும். கொடியை நீங்களாகச் சுற்றிவிட்டால் அது ஏற்கெனவே சுற்றியிருக்கிற திசையைப் பார்த்துச் சுற்றுங்கள், எதிர்த்திசையில் சுற்றினால் அவிழ்த்துக்கொண்டு கீழே தொங்கும். பேஷன் கொடிக்கும் ஸ்வீட் பீக்கும் பற்றுச்சுருள் உண்டு, அவற்றுக்குக் கயிற்றைவிட வலை நல்லது. நாற்று ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும், பூவும் கூடும்.

எப்போது விதைப்பது

ஆடிப் பட்டம் தேடி விதை என்று சும்மா சொல்லவில்லை. சேலத்தில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நல்ல மழைக்காலம், அதோடு மார்னிங் குளோரியும் மயில்மாணிக்கமும் பகல் குறையக் குறையப் பூக்கிற ரகம். ஆடியில் போட்டால் புரட்டாசி, ஐப்பசியில் வேலி முழுக்கச் சிவப்பு நட்சத்திரம். மாசியில் போட்டால் இலையாகவே ஓடிக்கொண்டிருக்கும், உரம் போதவில்லை போல என்று நீங்கள் யூரியா கொட்டுவீர்கள், இன்னும் இலைதான் வரும். சங்குப்பூவுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை, ஏப்ரல், மே தவிர எப்போதும் போடலாம், எட்டுப் பத்து வாரத்தில் முதல் பூ.

ஏற்காட்டில் தன்பெர்ஜியாவைக் கோடை மழை தொடங்கியதும் போடுங்கள். ஆரஞ்சு இதழ், நடுவில் கறுப்புக் கண், மூன்று மாதத்துக்குள் பூக்கும். ஸ்வீட் பீ அக்டோபரில் போட்டால் குளிர்காலத்தில் வாசனை, ஆனால் பட்டாணி மாதிரி இருக்கிற அந்த விதை நஞ்சு, குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மார்னிங் குளோரி விதையும் அப்படித்தான்.

செங்காந்தளைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள், மாநில மலர் ஆயிற்றே. விதையிலிருந்து வளர்க்கலாம், பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும், அதனால்தான் விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்று கிழங்கையே நடுகிறார்கள். இலை நுனியே சுருண்டு பிடித்து ஏறுவது பார்க்க அழகு. கிழங்கு, விதை, இலை எல்லாவற்றிலும் கால்ச்சிசின் நஞ்சு இருக்கிறது, சின்னக் குழந்தையோ ஆடோ இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம்.

பராமரிப்பு

மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. மதியம் இலை துவண்டு மாலையில் தானே நிமிர்ந்தால் அது வெயில் அலுப்பு, தண்ணீர் வேண்டாம். கோடையில் இலை அடியில் செஞ்சிலந்தி, தண்டில் மாவுப்பூச்சி வரும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் மட்டும் தெளியுங்கள்.

காய்ந்த காய்களை வாரம் ஒருமுறை பறித்து நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து பாட்டிலில் மூடி வையுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்: தன்பெர்ஜியாவின் அலகு வைத்த காய் வெடித்து விதை தெறிக்கும், காப்பித் தோட்ட ஓரத்தில் விழுந்தால் மற்ற செடிகளைப் போர்த்திவிடும். காய் பச்சை மாறிப் பழுப்பாகத் தொடங்கியதுமே ஒரு துணிப்பையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், வெடித்தாலும் விதை பைக்குள்ளேயே விழும்.