பிக்கப்பில் டீசல் இன்ஜின்: எங்கே சறுக்குகிறது?

மதுரைப் பக்கம் பெட்ரோல் பிக்கப்பில் சின்ன டீசல் இன்ஜினை மாட்டுவது பற்றிப் பேச்சு வந்தாலே, எல்லாரும் முதலில் கேட்பது இன்ஜின் விலையைத்தான். கேட்க வேண்டியது ஆர்.சி. புக்கைப் பற்றி. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அதே மாடல் இன்ஜின் என்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி புது இன்ஜினின் நம்பரை ஆர்.சி. புக்கில் ஏற்றிக்கொள்ள வழி உண்டு. பெட்ரோலை டீசலாக்குவது அப்படியல்ல. அனுமதியில்லாமல் மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அந்த நம்பரைத்தான். ஆகவே இன்ஜினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சரி, காகிதம் தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து உயிருக்கே உலை வைக்கும் தவறு, பிரேக்கை மறப்பது. பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் (காற்று போகும் வழியிலுள்ள அடைப்பான்) மூடும்போது மேனிஃபோல்டில், அதாவது காற்று உள்ளே போகும் குழாயில், உண்டாகும் வேக்குவம்தான் (காற்றில்லாத உறிஞ்சல்) கால் மிதிக்குத் துணை கொடுக்கும் பிரேக் பூஸ்டரை இழுக்கிறது. சின்ன டீசல்களில் பெரும்பாலும் த்ராட்டிலே கிடையாது, அதனால் அந்த வேக்குவமும் கிடையாது. தனி வேக்குவம் பம்ப் வேண்டும். பல டீசல்களில் அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பின்புறமே இருக்கும். பழைய பெட்ரோல் வண்டியின் ஆல்டர்னேட்டரையே மாட்டி மிச்சம் பிடித்தால், பம்பும் போயிற்று. காலி வண்டியில் இது தெரியாது. மேலூர் ரோட்டில் முழு லோடோடு இறங்கும்போது பெடல் கல்லாக நிற்கும். சோதிப்பது எளிது: இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், இறுகிவிடும். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

அப்புறம் பின் ஆக்சில். 2005-இல் வந்த சின்ன யானையின் (டாடா ஏஸ்) 702 சிசி இன்ஜின் 3,200 ஆர்.பி.எம்.மிலேயே தன் முழு சக்தியான 16 குதிரைத்திறனைக் கொடுத்துவிடும். 5,500 வரை சுற்றும் பெட்ரோல் இன்ஜினுக்காக வைத்த கிரவுன்-பினியனோடு (பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) அதைச் சேர்த்தால், முன்பு 80-இல் போன வண்டி 46, 47-இல் நின்றுவிடும். கத்திக்கொண்டே போகும், நகராது. பல்லின் விகிதத்தை எண்ணிப் பார்க்காமல் இன்ஜின் வாங்குபவர்கள்தான் பிறகு 'இன்ஜினில் பவர் இல்லை' என்று புலம்புகிறார்கள்.

கியர் பாக்ஸையும் இன்ஜினையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டைக் கண் அளவில் துளை போட்டு முடிப்பது இன்னொரு பழக்கம். நல்ல லேத்தில் செய்து, டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் அளவி) வைத்து மையம் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் விலகினாலும் கிளட்ச் பிளேட்டும் முன் பேரிங்கும் சீக்கிரமே காலியாகும். இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் சட்டியான சம்ப் இடிக்கிறது என்று, சேஸியின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரை வெட்டச் சொல்பவரிடம் மட்டும் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

மிஞ்சும் டீசல் டேங்குக்குத் திரும்பிப் போக ரிட்டர்ன் லைன் வேண்டும், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் வேண்டும், பெரிய பேட்டரி வேண்டும். டீசலை நிறுத்தி இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் சாலனாய்டையோ (மின்சாரத்தில் இயங்கும் அடைப்பான்) கேபிளையோ விட்டுவிட்டால், சாவியைத் திருகினாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரேடியேட்டர் போதுமா என்பதை ரிங் ரோட்டில் காலி வண்டியை ஓட்டி முடிவு செய்யாதீர்கள். சித்திரை வெயிலில், வழக்கமான லோடோடு, உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டி கணவாய் ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் ஓரமாக நிறுத்துங்கள். சூடு ஆறும் வரை மூடியைத் திறக்க வேண்டாம்.